ஆளில்லாத மணல்

எங்கள் சூசை அண்ணாவுக்கு, உங்கள் திரேசு எழுதுவது.

உங்களுடைய கல்லறைக்கு வரும்போதெல்லாம் சொல்ல வேண்டியதை நினைத்துக்கொண்டுதான் வருவேன். பக்கத்தில் யாராவது நிற்பார்கள். மெழுகுதிரியைக் கொளுத்தி, ஒரு செபம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்த முறை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். நமக்குள் கதைத்து முடித்துவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

பிள்ளைகள் சுகம். மூத்தவள் கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி. சின்னவன் இன்னும் உங்களுடைய சட்டையை விரித்துத்தான் படுக்கிறான். அதைத் தோய்க்க விடமாட்டான். உங்கள் பிலோமினா, என் மச்சாள், வேலைக்குப் போகிறா. எங்கே என்பதைப் பிறகு சொல்கிறேன். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அவவைக் கோபிக்காதீர்கள்.

வாசிக்கிறவர்களுக்கு நம்முடைய ஊரைத் தெரியாது. கற்பிட்டிப் பக்கம், கடலோரத்தில் ஒரு மணல் திட்டு. சுற்றிவர உப்புத் தண்ணீர். ஆனால் அந்த மணலில் இடுப்பளவு தோண்டினால் இளநீர் மாதிரித் தண்ணீர் வரும். அப்படித் தோண்டிய ஆழமில்லாக் கிணற்றைக் கூவல் என்போம். ஊருக்கும் அதே பெயர், கூவலடி. கிடுகு வேய்ந்த சின்னக் கோயில். அதன் பின்னால் சவக்காலை. அங்கே நம்முடையவர்களுக்குக் கற்கள் இல்லை, மரச்சிலுவைகள்தான். உப்புக்காற்றில் அவை உளுத்துப்போகும். உளுத்த இடத்தில் புதிதாக நடுவோம். நமக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் நட்டார்கள்.

யுத்தம் நடந்த காலம் முழுக்கப் படையினரிடம் பாஸ் வாங்கித்தான் கடலுக்குப் போனீர்கள். யுத்தம் முடிந்த செய்தி வந்த அன்று கரையில் நின்றபடி, "இனி நினைச்ச நேரம் போய் நினைச்ச நேரம் வரலாம்" என்று சொன்னீர்கள். அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் நின்றது அண்ணா? அடுத்த மாரிக்குள் அளவுக்கோலும் சங்கிலியுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். கோயிலுக்கும் கூவலுக்கும் நடுவில் கொங்கிறீட் தூண் ஒன்றை நட்டார்கள். இது அரசாங்கக் காணி, ஹோட்டல் வரப்போகிறது, காணி உறுதிப் பத்திரம் உள்ளவர்கள் கொண்டுவந்து காட்டலாம் என்றார்கள்.

கூவலடியில் யாரிடம் உறுதி இருந்தது? விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை. பிறகு உறுதி எதற்கு?

அந்த வாரம்தான் நீங்கள் முதல்முறையாக நான் வேலை செய்யும் நூலகத்துக்கு வந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலில் மணலோடு நின்றது நினைவிருக்கிறது. "திரேசு, உங்கட லைப்ரரியில எங்கட ஊரைப் பற்றி என்ன இருக்கு?" என்று கேட்டீர்கள். இரண்டு பேருமாகப் பழைய புத்தகங்களை இறக்கினோம். வெள்ளைக்காரர் எழுதியவை. முத்துக்குளிப்பைப் பற்றி இருந்தது. உப்பளத்தைப் பற்றி இருந்தது. கற்பிட்டிக் கழுதைகளைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. கரையோரத்தில் இருந்த சனங்களைப் பற்றி ஒரேயொரு வரி: பருவத்துக்கு வந்து போகும் மீனவர்கள்.

நீங்கள் சிரித்தீர்கள். "கழுதையாப் பிறந்திருந்தா ஒரு பக்கம் கிடைச்சிருக்கும்" என்றீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் புத்தகத்தின் அடிக்குறிப்பில்தான், இந்தக் கரையை அளந்து கீறிய வரைபடம் ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தது. விசாரித்தபோது கொழும்பில் ஒரு சுவடிக்கூடத்தில் இருக்கலாம் என்றார்கள். ஹனிபா நானா தன்னுடைய வானில் நம்மைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மன்னாரிலிருந்து தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு விரட்டப்பட்டு வந்து, புத்தளத்தில் வான் ஓடிப் பிழைக்கிறவர். டீசல் மட்டும் அடித்தால் போதும் என்றார். ஏன் இப்படி அக்கறைப்படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. முந்தல் தாண்டும்போது அவராகவே சொன்னார்.

"எங்கட ஊரும் இப்ப கடதாசியில காடுதான் தம்பி. சண்டை முடிஞ்செண்டு திரும்பிப் போனம். மரம் முளைச்சிரிக்கி, இது காடு எண்டு எழுதியாச்சாம். நான் உம்மாவ அடக்கின கபுறத் தேடிப் போய், முள்ளுக்குள்ள நிண்டுட்டு வந்தன்."

சிலாபத்தில் டீசல் அடிக்க நிறுத்தியபோது நீங்கள் இறங்கி அவருக்குத் தேத்தண்ணீர் வாங்கிக்கொடுத்தீர்கள்.

சுவடிக்கூடத்தின் வாசிப்பு அறை உங்களுக்கு நினைவிருக்கும். பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். அங்கே பொறுப்பாக இருந்த சிங்கள மிஸ் தட்டுத்தடுமாறித் தமிழ் கதைத்தா. உங்களை மல்லி என்றும் என்னை நங்கி என்றும், தம்பி தங்கச்சி முறையில் கூப்பிட்டா. கோயிலுக்குள் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நீங்கள், "கையைக் கழுவிட்டு வரட்டா மிஸ்?" என்று கேட்டீர்கள். "வேணாம் மல்லி, பார்க்கிறது மட்டும்தானே" என்று சொல்லி அவ படத்தை மேசையில் விரித்தா.

சீலையில் ஒட்டிய தடித்த கடதாசி. நம்முடைய கடலுக்கு நீலம் பூசியிருந்தது. பனைகளை ஒவ்வொன்றாகக் கீறியிருந்தார்கள். கூவலுக்கு ஒரு வட்டம். பக்கத்தில் இங்கிலிசில், நல்ல தண்ணீர், கப்பல்களுக்கு உதவும் என்று. கூவலுக்குக் கிழக்கே ஒரு சிலுவை அடையாளம். அதன் அருகே ஒரு வெள்ளைக்கார மாலுமியின் பெயரும், காய்ச்சலில் இறந்தான் என்ற குறிப்பும். அந்தக் கல்லறைதான் நம்முடைய சவக்காலையின் ஓரத்தில் கிடந்த "வெள்ளைக்காரன் கல்". சின்ன வயதில் அதன்மேல் ஏறியிருந்து கிழிந்த வலை பொத்தியிருக்கிறோம். அதைச் சுற்றிக் கிடந்த நம்முடையவர்களுக்கு அந்தப் படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். மணல் முழுவதற்கும் குறுக்கே, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதியிருந்ததை மட்டும் சொல்லவில்லை. நீங்கள் கவனித்துவிட்டீர்கள்.

"இந்தப் பெரிய எழுத்து என்ன?"

"ஆட்கள் வசிப்பதில்லை எண்டு இருக்கு அண்ணா."

நீங்கள் குனிந்து வெகுநேரம் பார்த்தீர்கள். "கூவலைக் கண்டிருக்கிறான்" என்றீர்கள். "அதை ஆர் தோண்டினதெண்டு அவன் யோசிக்கேல்லயா?" கொஞ்சம் பொறுத்து, உங்களுக்குள்ளேயே சொல்வது போல, "அந்த மாலுமிக்குக் குழி வெட்டினது ஆர்?" என்றீர்கள். கப்பல்காரர்கள் வெட்டினார்களா, நம்முடையவர்கள் வெட்டினார்களா?

படத்தின் மூலையில் இருந்த சிறிய எழுத்தைக் காட்டியது அந்த மிஸ்தான். "நங்கி, இது ஜூலை மாசம் அளந்தது. அந்த மாசம் உங்க ஊர்ல கடல் எப்படி?"

ஜூலை என்றால் சோளகக் காற்று. அலை கரையைத் தின்னும் காலம். அந்த மாதங்களில் கூவலடியில் ஒருவரும் இருப்பதில்லை. சட்டி பானை, பிள்ளைகள், கூரைக் கிடுகுகூட எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு உள்ளே அலையில்லாத களப்புக் கரைக்குப் போய்விடுவோம். காற்று மாறினதும் திரும்பி வருவோம். வெள்ளைக்காரன் அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறான். வீட்டுக்காரர் சந்தைக்குப் போன நேரத்தில் எட்டிப் பார்த்து, இந்த வீட்டில் ஆளில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனது போல.

உங்களுடைய முகம் மாறியது. அதிலே ஒரு வழி தெரிந்தது உங்களுக்கு. எனக்கும் தெரிந்தது.

படத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது ஹனிபா நானா, "இத விசாரணையில குடுக்காதீங்க. அவங்களுக்கு வாய்ப்பாப் போயிரும்" என்றார். நீங்கள் கேட்கவில்லை. "கூவல் இருக்கு, மாசம் இருக்கு. நான் எழும்பி விளங்கப்படுத்துறன். ஒளிச்சு வச்சா நாங்களும் அந்த வெள்ளைக்காரன் செய்ததத்தான் செய்யிறம்" என்றீர்கள்.

காணி விசாரணை நடந்த அறை சின்னது. ஊரில் பாதிப் பேர் வெளியே வெயிலில் நின்றார்கள். ஹோட்டல் கொம்பனித் தரப்பின் சட்டத்தரணி உங்களுடைய பெயரைக் கேட்டார். சூசைப்பிள்ளை பெர்னாண்டோ என்றீர்கள். "பெர்னாண்டோ. அப்ப எங்கயோ இருந்து வந்தவங்கதானே?" என்றார்.

"பேர்தான் ஐயா வந்தது. ஞானஸ்நானம் குடுக்கேக்க பறங்கிக்காரன் தந்தது. நாங்க அங்கயேதான் இருந்தம்."

"உறுதி இருக்கா?"

"உறுதி இல்ல. செத்தவங்க இருக்காங்க."

பிறகு நீங்கள் படத்தின் பிரதியை எடுத்துக் கொடுத்தீர்கள். கூவலைக் காட்டினீர்கள், மாதத்தைக் காட்டினீர்கள். சோளகம் எப்படி, வாடை எப்படி, எப்போது போவோம், எப்போது வருவோம் என்று எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னீர்கள். உங்களை நான் அவ்வளவு தெளிவாகக் கதைக்கக் கேட்டதே இல்லை. விசாரணை செய்த ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்தவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துச் சிங்களத்தில் ஒரே வரி சொன்னார்: இவர்கள் வருஷத்தில் ஒரு பகுதிக்குத்தான் அங்கே இருப்பார்களாம்.

நான் எழும்பினேன். அப்படிச் சொல்லவில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். சாட்சி அல்லாதவர்கள் கதைக்கக் கூடாது, உட்காருங்கள் என்றார்கள். எழுத வேண்டியவர் அதற்குள் எழுதி முடித்துவிட்டார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன சொன்னவர்?" என்று கேட்டீர்கள். வெளியே வந்து சொல்கிறேன் என்றேன்.

தீர்ப்பில் அந்த ஒரு வரியும் இருந்தது, படமும் இருந்தது. அந்நாளைய அளவைப்படி அங்கே ஆட்கள் வசிக்கவில்லை. இந்நாளைய குடியிருப்பாளரும் தாங்கள் நிரந்தரமாக இருப்பதில்லை என ஒப்புக்கொண்டனர். கிணறு கப்பல்களுக்காக அமைக்கப்பட்டதாக இருக்கலாம். அந்த "இருக்கலாம்" என்ற சொல்லை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன். நமக்கு ஒரு "இருக்கலாம்" கிடைக்கவில்லை.

எத்தாளைப் பக்கம் உள்ளே, தென்னந்தோட்டம் ஒன்றை வெட்டிக் கட்டிய வீடுகளைத் தந்தார்கள். கல் வீடு, கரண்ட், குழாய்த் தண்ணீர். கடல் மட்டும் இல்லை. கூவலடித் துறைக்கு வேலி போட்டுவிட்டதால் வள்ளத்தைக் களப்பில் கட்டிவைத்து, முனையைச் சுற்றித்தான் பெருங்கடலுக்குப் போக வேண்டியிருந்தது. சோளகத்தில் அந்த முனையில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? மச்சாள் தடுத்திருக்கிறா. "களப்பில மீன் இல்ல, வீட்டில குந்திக்கொண்டிருந்து என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

வள்ளம் முதலில் கிடைத்தது, கவிழ்ந்தபடி. நீங்கள் கிடைக்கவில்லை. சனங்கள் கரை முழுக்கத் தேடினார்கள், வேலிக்குள் மட்டும் போக முடியவில்லை. நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். கடல் உங்களைக் கூவலடியிலேயே கொண்டுவந்து போட்டிருந்தது.

அந்தக் காலை வேளையை எழுதக் கை வருகுதில்லை. ஆனாலும் எழுத வேண்டும். ஹோட்டல் காவல்காரர் பொலிசுக்கு அறிவித்திருந்தார். எனக்குச் செய்தி வந்து நான் போனபோது உங்களைத் தென்னோலையால் மூடியிருந்தது. காலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பொலிஸ்காரர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அடையாளம் தெரியாத ஆண், வெளியூர் ஆளாக இருக்கலாம். காவல்காரர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். "இங்க ஊர் ஒண்டும் இல்லயே மிஸ்" என்றார் என்னிடம். பாவம், அவர் அநுராதபுரத்திலிருந்து வேலைக்கு வந்த பொடியன். அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

"இவர் என்ட அண்ணன். இந்த இடத்திலதான் பிறந்தவர்" என்றேன். கோயில் இருந்த இடத்தைக் கையால் காட்டினேன். அங்கே புல்தரை இருந்தது. பொலிஸ்காரர் என்னையும் புல்லையும் பார்த்தார். பிறகு எழுதியதை வெட்டிவிட்டு உங்களுடைய பெயரைக் கேட்டு எழுதினார். பிறந்த இடம் என்ற கோட்டில் கற்பிட்டி என்று போட்டார். கூவலடி என்று போடுங்கள் என்றேன். "அப்பிடி ஒரு ஊர் இப்ப பதிவில இல்ல தங்கச்சி" என்றார். குரலில் கெடுதல் இல்லை. எனக்கு அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

நம்முடைய ஆட்களோடு உங்களை அடக்க வேண்டும் என்று பங்குச் சுவாமியார் போய்க் கேட்டார். தனியார் இடம், அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் அண்ணா, தெரியாத கோயிலின் சவக்காலையில், தெரியாதவர்கள் நடுவில் உங்களைப் படுக்க வைத்தோம். மன்னியுங்கள் என்று சொல்ல மாட்டேன். அது எங்களுடைய பிழை இல்லை.

இனி, பிறகு சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன். மச்சாள் அந்த ஹோட்டலில்தான் வேலை செய்கிறா. உடுப்புத் தோய்க்கும் பகுதியில். கூவலடிப் பெண்கள் நாலைந்து பேர் அங்கே இருக்கிறார்கள். வேறு வேலை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்து, சாப்பிடாமல் கதிரையில் இருந்தா. "எங்கட அடுப்படி இருந்த இடத்திலதான் மெஷின் நிக்குது" என்று மட்டும் சொன்னா. பிறகு ஒரு நாள், "திரேசு, உங்கட படத்த அங்க மாட்டி வச்சிருக்கிறாங்க" என்றா.

நம்பவில்லை. போய்ப் பார்த்தேன். நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஆரையோ பார்க்க வந்தவள் போல உள்ளே போனேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால், சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு நம்முடைய படம். அதே பனைகள், அதே வட்டம், அதே மாலுமி. குறுக்கே அதே எழுத்து, இப்போது ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. மேசையில் முந்தல் பொடியன் ஒருவன் இருந்தான். இரண்டு பாஷையும் சரளம். நான் படத்தையே பார்ப்பதைக் கண்டு, உதவி செய்வதாக நினைத்துச் சொன்னான்:

"அக்கா, அதில 'ஆட்கள் இல்லை' எண்டு போட்டிருக்கு. அதுதான் கெஸ்ட்மாருக்கு விருப்பம். நிறையப் பேர் அதுக்குப் பக்கத்தில நிண்டு போட்டோ எடுப்பாங்க."

யன்னலால் பார்த்தேன். வெள்ளைக்காரன் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, சுற்றிவரச் சங்கிலி போட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் பலகையும் நட்டிருக்கிறார்கள். அதைச் சுற்றிப் புல்தரை. ஒரு சிலுவைகூட இல்லை. புல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து வீதியோரத்தில் குந்திக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்தது. படத்தில் எழுதியவன் செத்து எத்தனையோ காலம். அவன் எழுதியது இன்னும் வேலை செய்கிறது. நீங்கள் அந்தச் சின்ன அறையில் எழும்பி நின்று சொன்னது எங்கே? காற்றிலா?

போன மாதம் தனியாகக் கொழும்புக்குப் போனேன். அதே மிஸ் இருந்தா, தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு, "நங்கி, அண்ணா எங்க?" என்று கேட்டா. சொன்னேன். அவ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, எனக்குக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டா. பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். படத்திலுள்ள அந்த எழுத்தை மாற்ற வேண்டும்.

"மாத்த ஏலாது நங்கி. எழுதினது பொய்யா இருந்தாலும் எழுதினபடிதான் வைக்க வேணும். நாளைக்கு யாராவது கேட்டா, இப்படித்தான் எழுதினாங்க எண்டு காட்ட வேணும்." நான் எழும்பப் போனேன். அவ என் கையைப் பிடித்தா. "ஆனா சேர்க்க ஏலும். நீங்க அறிஞ்சத உங்க பேரில எழுதிக் குடுங்க. நான் மேலிடத்துக்கு அனுப்புறன். அவங்க சம்மதிச்சா படத்தோட சேர்த்து வைக்கலாம்."

வீட்டுக்கு வந்து எழுதினேன். சோளகத்தைப் பற்றி நீங்கள் சொன்னபடியே எழுதினேன், ஒரு சொல்லும் சுருக்காமல். சவக்காலையில் யார் யார் கிடக்கிறார்கள் என்று ஊரின் வயதானவர்களைக் கேட்டு எழுதினேன். நினைவிலிருந்த பெயர்கள் ஒரு கட்டத்துக்கு மேல் போகவில்லை. அதற்கு அப்பாலுள்ளவர்களுக்கு, பெயர் மறந்துபோனவர்கள் என்று எழுதினேன். உங்களைக் கடல் எங்கே கொண்டுவந்து போட்டது என்பதையும் எழுதினேன். இங்கிலிசில் எழுதினால் நல்லது என்று ஒருவர் சொன்னார். மாட்டேன் என்றேன். ஒரு தரம் மொழிபெயர்த்துப் பட்டது போதும். வேண்டியவர்கள் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

கொடுத்துவிட்டு வந்தேன். மேலிடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. சேர்ப்பார்களா, ஏதாவது ஒரு மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிடுவார்களா, தெரியாது. அவர்கள் சேர்த்தாலும் கூவலடி திரும்பி வராது, நீங்களும் வரமாட்டீர்கள். இதை நான் மச்சாளுக்கும் சொல்லிவிட்டேன். பொய் ஆசை காட்ட விரும்பவில்லை.

உங்களுக்கு ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒரு தரம் கொழும்புக்குப் போவேன். பேரைப் பதிந்து, பென்சிலோடு உள்ளே போய், அந்தப் படத்தை எடுத்துத் தரும்படி கேட்பேன். அதோடு நம்முடைய கடதாசி இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் அங்கேயே இருந்து திரும்ப எழுதுவேன். எனக்கு ஏலாமல் போனால் உங்களுடைய மகள் போவாள். அவளிடம் கேட்டுவிட்டேன். "சோளகத்தப் பற்றி அப்பா சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம், மாமி" என்றாள்.

உங்களோடு கூடப் பிறந்தவள்,
கூவலடித் திரேசு